மில்லின் மூன்றாம் மாடி

ஹர்யுகோஸ்கி
12 பிப்ரவரி 1989

அன்பு சைமி அக்காவுக்கு,

தம்பி ஓர்வோ எழுதுவது. எனக்கு உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, படுத்தால் வரும் இருமலைத் தவிர. உன் முழங்கால் இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது? கோதன்பர்கில் பனி குறைவு, ஈரம்தான் அதிகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய்.

நம் பஞ்சாலைக்கு நல்ல காலம் வந்திருக்கிறது. மூடி பதினான்கு வருஷம் ஆகிறது. முதலில் நாற்காலி மேஜை அடுக்கி வைக்கும் கிடங்கு. அப்புறம் குளிர்காலத்துக்குப் படகுகளை உள்ளே ஏற்றினார்கள். கடைசியாக இரண்டாம் மாடியில் டென்னிஸ்! அப்பா எண்ணெய்க் கையோடு முப்பது வருஷம் தறி பழுது பார்த்த இடத்தில், வெள்ளைக் கால்சட்டை போட்டவர்கள் பந்து அடித்தார்கள். இப்போது நகராட்சியே வாங்கிவிட்டது. கீழே நூலகம், நடுவில் இசைப்பள்ளி, மூன்றாம் மாடியில் கூட்டம் நடத்த ஒரு கூடம். எந்த உத்திரம் உளுத்தது, எந்தப் படி ஆடும் என்று இருபத்தெட்டு வருஷம் மில் தச்சனாக இருந்தவனுக்குத்தானே தெரியும்? என்னைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் மூன்றாம் மாடியில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது அடியில் பெயர்கள் தெரிந்தன. ஆணியால் கீறிய பெயர்கள். என்ஜினியர் மார்க்கெத்தா சின்னப் பெண், வெளியூர்க்காரி. "இது என்ன ஓர்வோ, பசங்க கிறுக்கினதா?" என்றாள்.

"இல்லம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டுல நம்ம நாட்டு உள்நாட்டுப் போர் முடிஞ்சதும், ஜெயிச்ச வெள்ளைப் படை இதை ஜெயிலாக்குச்சு. தறியெல்லாம் நிறுத்திட்டு, தோத்துப்போன தொழிலாளர் பக்கத்து சிவப்பு ஆளுங்க அறுநூறு பேரை இந்தத் துணிக் கிடங்குல அடைச்சாங்க. மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும். பசியிலயும் காய்ச்சல்லயும் பாதிப் பேர் போயிட்டாங்க. அப்புறம் சுண்ணாம்பு அடிச்சு, மறுபடி துணி அடுக்கிட்டாங்க."

அவள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "உங்களுக்கு வேண்டியவங்க யாராவது?"

"எங்க மாமா விக்தோரி இங்கதான் செத்தார். எங்கப்பாவும் இருந்தார். 'பதினெட்டுல நான் மூணாம் மாடியில இருந்தேன்'னு சொல்லுவார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டார்."

திறப்பு விழா அக்டோபரில். கைதியின் மகன் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அப்பாவின் பெயரைச் சுவரில் கண்டுபிடித்துவிடுவேன். அதன் மேல் கண்ணாடி பதித்து வைக்கச் சொல்லப்போகிறேன். நீயும் வரவேண்டும்.

உன் மகளுக்கு என் அன்பு.

ஓர்வோ

•

கோதன்பர்க்
3 மார்ச் 1989

பிரியமுள்ள தம்பி ஓர்வோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி மட்டும் ஆகாது. நீ இருமலோடு சுண்ணாம்புத் தூசியில் நிற்கிறாய் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஞ்சுத் தூசி தின்றது போதாதா உன் நெஞ்சுக்கு? சுரண்டுவதை இளவட்டங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கட்டும், ஓர்வோ. எழுபது வருஷத்துக்கு அப்புறம் யாருக்கு அது? குழந்தைகள் பியானோ கற்கப் போகிற இடம். சுத்தமாக வெள்ளை பூசி விட்டால் போயிற்று. விழாவில் பேச வேறு ஆளா இல்லை? தௌனோவைப் பேசச் சொல். அவன் அப்பா அங்கிருந்து உயிரோடு வந்தவர்தானே. வாயும் நீளம் அவனுக்கு.

மகள் புது வீடு மாறியிருக்கிறாள். பால்கனியிலிருந்து துறைமுகம் தெரிகிறது. காய்ந்த காளான் கொஞ்சம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சூப்பில் போடு.

உன் நலமே வேண்டும்,
அக்கா சைமி

•

ஹர்யுகோஸ்கி
20 மார்ச் 1989

அன்பு அக்காவுக்கு,

காளான் வந்தது, நன்றி. இருமல் அப்படியேதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இது என் அக்கா எழுதியதுதானா? நாற்பத்தொரு பெயர் வந்துவிட்டது. ஐந்தாவது வரிசையில் மாமாவின் பெயர். ‘விக்தோரி’ என்பது முழுதாக இருக்கிறது. ஊர்ப் பெயரில் கை தளர்ந்துவிட்டது போல, பாதியில் நிற்கிறது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். தௌனோவும் வந்து, தன் அப்பா பெயரைக் கையால் தடவினான். எழுபது வயதில் அந்த வாயாடி நெசவுக்காரன் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தான். நம் அப்பா பெயரைக் காணவில்லை. வடக்குச் சுவர் இன்னும் பாக்கி இருக்கிறது.

பதினோரு வருஷம் நான் மில் தொழிற்சங்கத் தலைவனாக இருந்தேன். மேதினத்தில் கொடிக்கு முன்னால் நடந்தேன். எனக்குப் படிப்பா, பணமா? நெஸ்டோரி பாலோமாக்கியின் மகன் என்பதுதான் என் தகுதி. வெள்ளை பூசிவிடு என்கிறாய் நீ! ஸ்வீடன் நாற்பது வருஷத்தில் உன்னை இப்படி ஆக்கிவிட்டதா? சிவப்புக்காரன் மகள் என்று அங்கே சொல்லிக்கொள்ள வெட்கமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனாலும் கிழிக்கப்போவதில்லை.

ஓர்வோ

•

கோதன்பர்க்
2 மே 1989

தம்பி ஓர்வோவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நீ எப்படி இருக்கிறாய்?

எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் அழுக்குத் துணி வெளுத்தேன். யாருக்கும் தலை குனிந்ததில்லை. அதை நீ எழுதியிருக்க வேண்டாம்.

கோடைக்கு இங்கே வா. ஜூனில் வா. கப்பல் டிக்கெட் நான் எடுக்கிறேன். பால்கனியில் உட்கார்ந்து நிறையப் பேசலாம். சிலதைத் தபாலில் போட முடியாது. வடக்குச் சுவரை நீ வந்து போகும் வரைக்கும் தொடாதே.

இதைக் கேட்பது உன் அக்கா.

சைமி

•

ஹர்யுகோஸ்கி
14 ஜூன் 1989

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே இருபது நாளாக மழை இல்லை. உருளைக்கிழங்கு நட்டாயிற்று. ஏரியில் மீன் பரவாயில்லை. நீராவிக் குளியல் போடும் சானா குடிலின் கூரையை மாற்றினேன். நடுக்கோடைத் திருவிழாவுக்கு எங்கும் போவதாக இல்லை. கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டாம். வேலை இருக்கிறது.

ஓர்வோ

•

கோதன்பர்க்
25 ஜூன் 1989

என் தம்பிக்கு,

உன் கடிதத்தில் மழை இருந்தது, கிழங்கு இருந்தது, மீன் இருந்தது. மில் என்ற சொல்லே இல்லை.

அப்பாவும் இப்படித்தான். ஏதாவது மனதை அறுத்தால் கூரையைப் பிரித்து மாற்றிக் கட்டுவார்.

என்ன கண்டாய், ஓர்வோ? எதுவாக இருந்தாலும் எழுது. நான் உட்கார்ந்துகொண்டுதான் படிப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சைமி

•

ஹர்யுகோஸ்கி
19 ஆகஸ்ட் 1989

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

வடக்குச் சுவரில் அப்பா பெயர் இல்லை. எந்தச் சுவரிலும் இல்லை. மே கடைசியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கும் சின்ன அறைக்கு வந்தேன். நம் காலத்தில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்த அறை. ஜன்னல் சட்டத்தில் நாலு பூச்சு பெயின்ட். சூடு காட்டி வழித்துக்கொண்டு வந்தேன். அடிக்கட்டையில் கத்தியால் செதுக்கிய எழுத்து, அழகாக, அவசரமில்லாமல்:

நெ. பாலோமாக்கி. காவல்காரன். மே – செப்டம்பர் 1918.

வேறு எவனோ பாலோமாக்கி என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அந்தக் கடைசி எழுத்தின் வால்! அவர் சுத்தியல் பிடியில், சாப்பாட்டு டப்பாவில், என் பள்ளிக்கூடப் பலகையில் போட்ட அதே வால். பசியில் கிடந்தவன் ஆணியால் கீறுவான். கத்தியும் நேரமும் இருந்தவன்தான் இப்படிச் செதுக்குவான்.

கதவைத் தாழ் போட்டேன். இழைப்புளியை எடுத்தேன். ஆறேழு இழுப்பு. பெயர் சுருள் சுருளாக விழுந்தது. பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சானா அடுப்பில் எரித்தேன். அன்றைக்கு நான் குளிக்கவில்லை. அந்தச் சூட்டில் என்னால் உட்கார முடியவில்லை.

மறுநாள் மார்க்கெத்தா கேட்டாள்: "இந்த ஒரு ஜன்னலை மட்டும் ஏன் இழைச்சீங்க?"

"உளுத்துப்போயிருந்துச்சு."

அவள் நகத்தால் கட்டையைத் தட்டிப் பார்த்தாள். நூற்றிருபது வருஷத்துப் பைன் மரம், மணி மாதிரி சத்தம் வந்தது. குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ‘கைதியின் மகன் பேசுவார்’ என்று போட்டிருக்கிறது. மாமாவைப் பூட்டி வைத்தவனை அம்மா எப்படிக் கட்டிக்கொண்டாள்? அவளுக்குத் தெரியாமலே போய்விட்டதா? நான் அந்த மேடையில் ஏறி என்ன சொல்வது?

உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. மார்ச்சில் வந்த உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஓர்வோ

•

கோதன்பர்க்
27 ஆகஸ்ட் 1989

என் கண்ணான தம்பிக்கு,

ஆம். தெரியும். எழுபத்து நாலில் அம்மாவின் கட்டிலருகே மூன்று வாரம் இருந்தேனே, அப்போது சொன்னாள். "ஓர்வோவா கேட்டா ஒழிய சொல்லாதே. அவன் கைதியோட மகன்ங்கறதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிமிர்ந்து நிக்கறான்" என்றாள். நீ அன்று செய்ததைப் பதினைந்து வருஷமாக நானும் செய்துகொண்டிருக்கிறேன், இழைப்புளி இல்லாமல்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம் நடந்து மில் வாசலுக்கு வருவாள். கையில் அண்ணனுக்கு ஒரு கறுப்பு ரொட்டி. காவல்காரர்கள் துரத்துவார்கள், இல்லாவிட்டால் பிடுங்கித் தின்பார்கள். ஒரே ஒருவன், வடக்கத்திப் பண்ணையாள், பத்தொன்பது வயது, "குடு, சேர்த்துடறேன்" என்று வாங்கிக்கொள்வான். அடுத்த வாரம் "உன் அண்ணன் உன்னை நல்லா இருக்கச் சொன்னான்" என்பான். ஜூன், ஜூலை இப்படியே போயிற்று. ஆகஸ்டிலும் வாங்கிக்கொண்டான். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அவன் வாசலில் துப்பாக்கி இல்லாமல் நின்றிருந்தான்.

"ரொட்டியைத் திருப்பிக் கொண்டுபோ. உன் அண்ணன் ஆகஸ்ட் எட்டாம் தேதியே போயிட்டான்."

ஐந்து ஞாயிறு, ஓர்வோ. தெரிந்தும் ஐந்து ரொட்டி வாங்கியிருக்கிறான். அம்மா அந்த இடத்திலேயே அவனைக் கன்னத்தில் அறைந்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியே."

இவ்வளவுதான் அவன் சொன்னது. ரொட்டிக்காகவா, அவளுக்காகவா, உள்ளே கிடந்த மற்றவர்களுக்குக் கொடுக்கவா, எதற்கு அவள் வரவேண்டும் என்று நினைத்தான்? நான் கேட்டேன். "அந்த அஞ்சு ரொட்டி எங்கே போச்சும்மா?" அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் கேட்டதில்ல. கேட்டு, அவரு தின்னேன்னு சொல்லிட்டா நான் எங்கே போவேன்?"

அடுத்த வசந்தத்தில் அவன் அவள் ஊருக்கே நடந்து வந்தான். பாட்டனார் நாயை அவிழ்த்துவிட்டார். மறு வருஷமும் வந்தான். மூன்றாவது முறை, வாசலில் நின்று, விக்தோரி எந்த இடத்தில் படுத்திருந்தான், என்ன காய்ச்சல், கடைசியில் என்ன சொன்னான், எங்கே புதைத்தார்கள் என்று எல்லாம் சொன்னான். அந்த வீட்டுக்கு வேறு எவனும் அதைச் சொல்லவில்லை. அன்றுதான் உள்ளே விட்டார்கள்.

"அப்ப மன்னிச்சுட்டீங்களாம்மா?" என்றேன்.

"மன்னிக்கல சைமி. கட்டிக்கிட்டேன். அது வேற, இது வேற."

இன்னொன்று. இருபத்தெட்டாம் வருஷம் அப்பா வேலை தேடியபோது மூன்று ஊர்களில் மில் இருந்தது. இவர் இதையே பிடித்தார். "வேற ஊரே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று அம்மா அழுதிருக்கிறாள். "இங்கதான் என்னைத் தெரிஞ்சவங்க இருக்காங்க. யாராவது ஒருத்தன் வந்து கேட்கட்டும்" என்றாராம். முப்பது வருஷம் அந்த ஜன்னலைத் தாண்டிப் படியேறியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. மூணாம் மாடியில் இருந்தேன் என்று அவர் சொன்னபோது, எந்தப் பக்கம் என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை.

மேடையில் என்ன சொல்வாய் என்று நான் சொல்லமாட்டேன். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். இந்தத் தடவை உண்மையாகவே, இருமலுக்கு டாக்டரைப் பார்.

உன் அக்கா
சைமி

•

ஹர்யுகோஸ்கி
15 அக்டோபர் 1989

அன்பு அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சில் பஞ்சு, வயசு, சிகரெட், மூன்றும் சேர்ந்த இருமலாம். பயப்பட ஒன்றுமில்லை. நீ நலமா?

விழா ஏழாம் தேதி முடிந்தது. அதற்கு முந்தின நாள் மார்க்கெத்தாவிடம் போய் ஜன்னலைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பேரு உங்க வீட்டுச் சொத்து இல்லீங்க. செத்தவங்க பேரை நாங்க கண்ணாடி போட்டுக் காப்பாத்தறோம். காவல் காத்தவன் பேரை நீங்க இழைச்சுத் தள்ளறீங்க. அப்ப அவங்களை யாரு பூட்டி வச்சது? காத்தா வந்து பூட்டுச்சு?" அவள் சொன்னது சரி. இழைத்த மரம் திரும்பி வராது.

மூன்றாம் மாடியில் இருநூறு பேர். சுவரில் ஐம்பத்தாறு பெயர், கண்ணாடிக்குள். எழுதி வைத்திருந்த காகிதத்தை நான் எடுக்கவே இல்லை. சொன்னது இவ்வளவுதான்:

"அழைப்பிதழ்ல தப்பு இருக்கு. என் மாமா விக்தோரி இங்கே கைதி. ஆகஸ்ட் எட்டாம் தேதி இங்கே செத்தார். என் அப்பா நெஸ்டோரி இங்கே காவல். அவர் பேரு அந்த அறை ஜன்னல்ல இருந்தது. அதை அழிச்சது நான். அப்பா பொய் சொல்லல. நான்தான் கேட்காம விட்டேன். உங்க முன்னாடி பதினோரு வருஷம் கொடி பிடிச்சு நடந்திருக்கேன். மன்னிச்சுக்குங்க."

யாரும் கை தட்டவில்லை. நாற்காலி ஒன்று நகர்ந்தது. கெர்த்து எழுந்தாள். சங்கத்தில் என்னோடு பத்து வருஷம் துண்டறிக்கை கொடுத்தவள். அவள் தாத்தா, இங்கே செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த மணல்மேட்டுக் குழியில்தான் இருக்கிறார். கோட்டை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், படியிறங்கிப் போனாள். இன்று வரை கடையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் கீழே வந்து நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தௌனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் இரண்டு காபி.

"எங்களுக்குத் தெரியும்டா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எங்கப்பா முதல் நாளே உங்கப்பாவை அடையாளம் கண்டுட்டார். இருபத்தெட்டுல. வீட்டுக்கு வந்து சொன்னார். பழைய ஆளுங்க ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். கெர்த்து வீட்ல மட்டும் யாரும் மிச்சமில்ல, சொல்றதுக்கு."

"தெரிஞ்சுமா என்னைத் தலைவனாக்கினீங்க?"

"நீயா காவல் காத்தே? போடா. வேற எவனுக்கும் முதலாளிகிட்ட உன்னை மாதிரி கத்த வராது."

காபிக் கோப்பையைப் பெஞ்சில் வைத்தேன். "உங்கப்பா ஏன் எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்கல, தௌனோ? முப்பது வருஷம் ஒரே கூடத்துல வேலை செஞ்சாங்களே."

"நானும் கேட்டேன். 'கேட்டா, ஒண்ணு அவனை அடிக்கணும், இல்ல மன்னிக்கணும். எனக்கு ரெண்டுக்கும் தெம்பில்லடா. தறியை நல்லா ரிப்பேர் பண்றான், போகட்டும்'னார்."

கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன், அக்கா. "அந்த வருஷம் ஆகஸ்டுல, காவல்காரன் ஒருத்தன் ரொட்டி ஏதாவது உள்ளே கொடுத்தான்னு உங்கப்பா சொல்லியிருக்காரா?"

தௌனோ யோசித்தான். எனக்காக நிறைய நேரம் யோசித்தான். பொய் சொல்லிவிடலாமா என்று அவன் பார்த்ததைக்கூட நான் கண்டேன்.

"ரொட்டியைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல, ஓர்வோ. தாகத்தைப் பத்தித்தான் சொல்லுவார்."

மேலே இசைப்பள்ளியில் யாரோ ஒரு குழந்தை ஒரே வரியைத் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருந்தது. காபி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

ஓர்வோ

•

கோதன்பர்க்
22 அக்டோபர் 1989

என் அருமைத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன்.

தௌனோ பொய் சொல்லாமல் விட்டதற்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அந்தப் பொய்யை நாம் இரண்டு பேருமே நம்பியிருப்போம்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை கப்பல் துர்க்குவுக்கு வரும், பஸ் பிடித்து மதியத்துக்குள் வந்துவிடுவேன். மகள் தடுத்தாள், முழங்கால் முழங்கால் என்று. மூன்றாம் மாடிக்கு நீ என்னைப் பிடித்து ஏற்றிவிடு. நின்று நின்று ஏறுகிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்ற அப்பாவிடம் முதலில் போக வேண்டாம். முதலில் மணல்மேட்டுக் குழிக்கு, மாமாவிடம். அப்புறம்தான் அப்பா இருக்கும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்கு. அம்மா வருஷா வருஷம் அந்த வரிசையில்தான் போவாள். அப்பா நாலடி பின்னால் நடப்பார், குழிக்குப் பக்கத்தில் வராமல் சாலையிலேயே தொப்பியோடு நிற்பார். குளிருக்குப் பயந்து நிற்கிறார் என்று நாம் சிரிப்போம்.

கெர்த்துவைப் பார்த்தால் நீயே வணக்கம் சொல்லு. பார்க்கும்போதெல்லாம் சொல்லு. அவள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. அவள் கேட்கிற அன்றைக்கு, எதைக் கேட்டாலும், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

அக்கா
சைமி